சின்னப் பிள்ளைககிட்ட சாவைப் பத்தி எப்படிப் பேச: துட்டி (சாவு) வீட்ல இருந்து வருஷம் திரும்புற வரைக்கும் முழு வழிகாட்டி

2025ல எங்க திருநெல்வேலில ஆனித் தேர் முடிஞ்ச வாரம் எங்க அப்பா இறந்துட்டாவ. ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு அடைக்குன்னு சொன்னாவ, ஆஸ்பத்திரி போய்ச் சேருறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. வீட்ல ரெண்டு பிள்ளைக. என் மகனுக்கு அப்ப அஞ்சு வயசு, எங்க அக்கா மகளுக்கு ஒம்பது. பெரியவங்களுக்கு என்ன செய்யணும், யாருக்குச் சொல்லி விடணும், பந்தல் யாரு, ஐஸ் பெட்டி யாரு, எல்லாத்துக்கும் ஆள் இருந்துச்சு. அந்த ரெண்டு பிள்ளைககிட்ட என்ன சொல்லணும்னு ஒருத்தருக்கும் தெரியல, எனக்கும் தெரியல, தப்புத் தப்பா சொல்லி ஒவ்வொண்ணா திருத்திக்கிட்டதுதான் கீழ இருக்கிறது. நடுவுல ஒரு டாக்டரம்மாட்டயும் போய் உக்காந்து கேட்டோம், கொஞ்சம் படிக்கவும் செஞ்சேன். உங்க வீட்ல இப்பத்தான் துட்டின்னா முதல் ரெண்டு பகுதியும் நாலு, அஞ்சும் இப்ப படிச்சுக்கோங்க, அப்பா அம்மாவே இறந்திருந்தா ஆறும், ஸ்கூலுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஒம்பதும், மிச்சத்த பதினாறு கழிச்சு வந்து படிச்சாப் போதும்.

1. "செத்துட்டாவ"ன்னே சொல்லுங்க

நான் பண்ணின முதல் தப்பு இதுதான். காலைல எந்திரிச்சு வந்தவன்கிட்ட "தாத்தா சாமிகிட்ட போயிட்டாவய்யா"ன்னு சொன்னேன். பக்கத்து வீட்டு ஆச்சி ஒருத்தி "தாத்தா தூங்குதாவ, சத்தம் போடாத"ன்னு சொல்லியிருக்கா. இவன் ரெண்டையும் அப்படியே நம்பிட்டான். மதியம் பாத்தா ஐஸ் பெட்டி மேல தாத்தாவோட கட்டம் போட்ட போர்வைய இழுத்து மூடிக்கிட்டு இருக்கான். எதுக்குலன்னு கேட்டா "உள்ள ஏசி ஓடுதும்மா, தாத்தாக்கு குளிரும், ஸ்விட்ச ஆஃப் பண்ணிரலாமா?"ங்கான். கூடி இருந்த பொம்பளைக எல்லாம் அத பாத்து இன்னும் ஓன்னு அழுதாவ, அவன் பயந்துட்டான், தான் ஏதோ தப்புப் பண்ணிட்டோம்னு நினைச்சுக்கிட்டான்.

அது மட்டும்னா பரவாயில்ல. பதினாறு கழிஞ்சு முதல் தடவையா நெல்லையப்பர் கோவிலுக்குக் கூட்டிட்டுப் போனா வாசல்ல நிலைய புடிச்சுக்கிட்டு உள்ள வர மாட்டேங்கான். அழுகை இல்ல, அடம் இல்ல, சும்மா கெட்டியா புடிச்சுக்கிட்டு நிக்கான். குனிஞ்சு கேட்டதுக்கு காதுல சொல்லுதான், "சாமிகிட்ட போனா திரும்ப வர முடியாதுல்லம்மா". அந்தப் படியிலேயே உக்காந்துட்டேன். "எய்யா, அம்மா தப்பா சொல்லிட்டேன். தாத்தா செத்துட்டாவ. அவிய நெஞ்சு துடிக்கிறது நின்னு போச்சு. செத்துட்டா மூச்சு விட மாட்டாவ, வலிக்காது, குளிராது, பசிக்காது. திரும்ப வர முடியாது"ன்னேன். கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பாத்தான். அப்புறம் "காந்திமதி மாதிரியா?"ன்னு கேட்டான்.

வெளியூர்க்காரங்களுக்கு: காந்திமதி எங்க கோவில் யானை, 2025 ஜனவரி 12ஆம் தேதி இறந்துச்சு, அன்னைக்கு டவுனே கூடி நின்னு அழுதுச்சு, இவனையும் தாத்தாதான் தோள்ல வச்சுக் கூட்டிட்டுப் போய் காட்டுனாவ. அந்த வருஷம் தேருக்கு காந்திமதி வரலங்கிறதையும் இவன் பாத்திருக்கான். ஆக செத்துட்டா வர மாட்டாங்கன்னு அவனுக்கு ஏற்கனவே தெரியும், நான்தான் குழப்பி விட்டிருக்கேன். "ஆமாய்யா, காந்திமதி மாதிரிதான்"னேன். சரின்னுட்டு எந்திரிச்சு எதுத்தாப்புல அல்வா வாங்கித் தருவியான்னு கேட்டான்.

அதனால பிள்ளைககிட்ட சொல்லக் கூடாத வார்த்தைகள சொல்லிடுதேன். "தூங்குதாவ": பிள்ளை ராத்திரி தூங்க பயப்படும். "ஊருக்குப் போயிருக்காவ": நாளைக்கு நீங்க சங்கரன்கோவிலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாலும் காலைக் கட்டிக்கும், இல்லன்னா சொல்லாம போயிட்டாவளேன்னு கோவப்படும். "நல்லவங்கள சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கும்": அப்ப நான் நல்ல பிள்ளையா இருக்கக் கூடாது போலன்னு ஒரு பிள்ளை முடிவு பண்ணினா அதுல தப்பு பிள்ளை மேல இல்ல. "உடம்பு சரியில்லாம போச்சு, அதான்"னு மொட்டையா விட்டா அடுத்த சளிக் காய்ச்சலுக்கே நானும் செத்துருவேனான்னு கேக்கும். பெரிய நோய், இந்த நோய்க்குப் பேரு இது, நமக்கு வர்ற காய்ச்சல் வேற, அது மாத்திரைல சரியாயிரும்னு பிரிச்சுச் சொல்லணும்.

சாமி, சொர்க்கம், மோட்சம் எல்லாம் சொல்லக் கூடாதுன்னு நான் சொல்ல வரல. எங்க வீட்லயும் சொல்லுதோம். பாளையங்கோட்டைல எங்க பக்கத்து வீட்டுக்காரங்க பரலோகம்னு சொல்லுவாவ, மேலப்பாளையத்துல இருந்து வர்ற என் ஃப்ரெண்டு அல்லாகிட்ட போயிட்டாங்கன்னு சொல்லுவா. வரிசைதான் முக்கியம். முதல்ல செத்துட்டாவ, உடம்பு வேலை செய்யாது, வர முடியாது. அத பிள்ளை வாங்கிக்கிட்ட பிறகு "நம்ம வீட்ல இப்படி நம்புதோம்".

2. யாரு சொல்லணும், எப்ப

பிள்ளைக்கு ரொம்ப வேண்டப்பட்ட ஆள்தான் சொல்லணும், அம்மா அப்பால ஒருத்தர், அவங்களே இறந்திருந்தா பிள்ளை யார் மடியில போய் ஏறுமோ அவங்க. சீக்கிரம் சொல்லணும், ஏன்னா நம்ம ஊர்ல கொட்டுக்காரங்க வந்து இறங்கிட்டா தெருவே சொல்லிரும். விளையாடுற எடத்துல இன்னொரு பிள்ளை "ஏல உங்க தாத்தா செத்துட்டாவளாம்ல"ன்னு சொல்லித் தெரியக் கூடாது. தனியா ஒரு ரூமுக்கோ மச்சுக்கோ கூட்டிட்டுப் போங்க, கண்ணுக்கு நேரா உக்காருங்க, தொட்டுக்கிட்டு நாலு வரி, அவ்வளவுதான். அழுகை வந்தா அழுங்க. அம்மா ஏன் அழுதேன்னு மட்டும் சொல்லிருங்க, "தாத்தாவ இனி பாக்க முடியாதேன்னு அழுதேன், உன் மேல கோவம் இல்ல".

சொன்ன உடனே பிள்ளை "சரி, நான் போய் விளையாடட்டா?"ன்னு கேட்டா கல்நெஞ்சுன்னு நினைக்காதீங்க. சின்னப் பிள்ளைக துக்கம் தாமிரவருணில வெயில் காலத்துல பிள்ளைக இறங்குற மாதிரி, கொஞ்ச நேரம் தண்ணிக்குள்ள, கொஞ்ச நேரம் கல்லு மேல. நாம தொடர்ந்து அழுவோம், அது அஞ்சு நிமிஷம் அழும், அரை மணி நேரம் சைக்கிள் ஓட்டும், ராத்திரி சோறு திங்கும்போது திடீர்னு கேக்கும்.

3. வயசுக்குத் தக்கன

1948ல மரியா நாகின்னு ஒரு அம்மா ஹங்கேரில புடாபெஸ்ட் பக்கம் 3 வயசுல இருந்து 10 வயசு வரை உள்ள பிள்ளைககிட்ட சாவுன்னா என்னன்னு கேட்டு எழுதி வச்சிருக்காங்க. அஞ்சுக்குக் கீழ உள்ளது சாவ ஒரு பயணம் மாதிரி, தூக்கம் மாதிரி நினைச்சிருக்கு, திரும்பி வரலாம்னு. அஞ்சுல இருந்து ஒம்பது வரை சாவுங்கிறது ஒரு ஆளு, வந்து புடிச்சிட்டுப் போறவன். ஒம்பது பத்துலதான் எல்லாருக்கும் வரும், எனக்கும் ஒரு நாள் வரும்னு புரிஞ்சிருக்கு. பின்னால வந்த ஆராய்ச்சிக்காரங்க இந்த 'ஆளு' கதை எல்லா நாட்டுலயும் அப்படி இல்லன்னும், நிறைய பிள்ளைகளுக்கு அஞ்சு ஏழு வயசுக்குள்ளயே திரும்பி வராதுங்கிறது புரிஞ்சிரும்னும் சொல்லியிருக்காங்க. நம்ம ஊர்ல எருமை மேல எமன், சுடுகாட்டுப் பக்கம் சுடலைமாடன்னு கேட்டே வளருதுக, அதனால 'ஆளு' வர்றது ஒண்ணும் ஆச்சரியம் இல்ல. என் மகன் ஒரு நாள் "தாத்தாவ சுடலைதான் கூட்டிட்டுப் போனாரா"ன்னு கேட்டான். யாரும் கூட்டிட்டுப் போகல, நெஞ்சு நின்னு போச்சுன்னு திரும்பவும் முதல்ல இருந்து சொன்னேன்.

ரெண்டு மூணு வயசுப் பிள்ளைக்கு விளக்கம் ஒண்ணும் ஏறாது, அதுக்கு வேண்டியது அதே மடி, அதே நேரத்துக்குப் பால், அதே தாலாட்டு. பத்துப் பன்னெண்டு வயசானது நேர்மாறு, எல்லாம் புரியும், ஆனா நம்மள கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு ஒண்ணும் கேக்காது. அதுகிட்ட நாமதான் போய்ப் பேச்செடுக்கணும்.

4. துட்டி வீட்டுக்குள்ள

பெரியவங்க முதல்ல சொல்றது "பிள்ளைகள அப்புறப்படுத்துங்க, பயந்துரும்". எங்க வீட்லயும் பெரியத்தை ரெண்டையும் கேடிசி நகர்ல ஒரு சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பச் சொன்னாவ. நான் அனுப்பல. அது சரிதான்னு இப்பவும் நினைக்கேன், ஆனா வச்சிருந்த விதம் சரியில்ல, அதச் சொல்லுதேன்.

வச்சுக்கிறதா இருந்தா பிள்ளைக்குன்னு ஒரு ஆள் வேணும். அழுதுக்கிட்டு இருக்கிற ஆள் வேண்டாம், வந்தவங்களுக்குக் காப்பி கொடுக்கிற ஆள் வேண்டாம். சித்தப்பாவோ மைனியோ பக்கத்து வீட்டு அண்ணனோ, அன்னைக்கு முழுக்க அவங்களுக்கு அது ஒண்ணுதான் வேலை. சோறு ஊட்டணும், ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போகணும், போதும்னு சொன்னா மாடிக்குத் தூக்கிட்டுப் போகணும்.

உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி என்ன பாக்கப் போறோம்னு சொல்லிருங்க. நான் சொல்லல. "தாத்தா கண்ணாடிப் பெட்டில படுத்திருக்காவ, மூக்குல பஞ்சு வச்சிருக்கும், கால் பெருவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டியிருக்கும், நெத்தில காசு இருக்கும். அசைய மாட்டாவ. தொட்டா சில்லுன்னு இருக்கும். வெளிய கொட்டடிப்பாங்க, சங்கு ஊதுவாங்க. ஆச்சிக எல்லாம் சுத்தி உக்காந்து பாட்டா பாடி அழுவாவ, நெஞ்சுல அடிப்பாவ, அது ஒப்பாரி, தாத்தாவப் பத்தித்தான் பாடுதாவ, யாரையும் யாரும் அடிக்கல." இவ்வளவு சொன்னாப் போதும், பாதி பயம் போயிரும். அப்புறம் "வாரியா, இல்ல இங்க இருக்கியா?"ன்னு கேளுங்க. வரலன்னா விட்டுருங்க. மூஞ்சிய திருப்பி வச்சு "பாரு பாரு, கடைசியா பாத்துக்கோ"ன்னு கழுத்தப் புடிச்சுக் காட்டுற சித்தப்பாக்கள் எல்லா வீட்லயும் உண்டு, அவங்ககிட்ட இருந்து பிள்ளைய வாங்கிக்கோங்க. முத்தம் குடுன்னு கட்டாயப்படுத்தாதீங்க.

மேலப்பாளையம் பக்கம் முஸ்லிம் வீடுகள்ல மையத்த, அதான் இறந்தவங்க உடம்ப, சீக்கிரமே எடுத்துருவாவ, பிள்ளைக்குச் சொல்ல கொஞ்ச நேரம்தான் கிடைக்கும், அதனால குளிப்பாட்டக் கொண்டு போறதுக்கு முன்னாடியே சொல்லிப் பாக்க வச்சுருங்க. சர்ச்சுல அடக்கம்னா பெட்டிய மூடி குழிக்குள்ள இறக்குறத பிள்ளை பாக்கும், மூச்சு முட்டாதான்னு கேக்கும். "செத்தவங்களுக்கு மூச்சே வேண்டாம்"ங்கிற பதிலுக்கு வேலை வர்றது அங்கதான்.

5. நெய்ப்பந்தம், மொட்டை, சுடுகாடு

பேரப்பிள்ளைக நெய்ப்பந்தம் புடிக்கிறது நம்ம பக்கத்து வழக்கம். இது நல்ல விஷயம்னுதான் சொல்லுவேன், தாத்தாக்கு நானும் ஒரு வேலை செஞ்சேன்னு பிள்ளைக்கு இருக்கும். அக்கா மக இன்னைக்கும் அத சொல்லுவா. ஆனா முந்தியே சொல்லிக் கேளுங்க. சின்னக் கையில தீ, சுத்தி அழுகை, பின்னால இருந்து ஆள் தள்ளுவாங்க. கூட ஒரு ஆள் கைய சேத்துப் புடிச்சுக்கணும். மாட்டேன்னா வேற பேரன் புடிக்கட்டும், ஒண்ணும் குறைஞ்சிராது.

மொட்டையும் அப்படித்தான், மாமாவும் அப்பாவும் மொட்டை போட்டுட்டு வந்து நின்னா சின்னதுக்கு அடையாளம் தெரியாது. என் மகன் அவன் அப்பாவப் பாத்து என் சேலைக்குள்ள ஒளிஞ்சான். முடி திரும்ப வளரும்னு சொல்லுங்க, தலையத் தடவிப் பாக்கச் சொல்லுங்க.

சிந்துபூந்துறை, வெள்ளக்கோவில் சுடுகாட்டுக்கு சின்னப் பிள்ளைய கூட்டிட்டுப் போகணும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா தாத்தாவ என்ன செஞ்சீங்கன்னு கேட்டா மழுப்பாதீங்க. "செத்த உடம்ப வச்சிருக்க முடியாது. தீ வச்சு சாம்பலாக்குவாங்க. அந்த உடம்புக்கு வலி தெரியாது. சாம்பல ஆத்துல கரைச்சுட்டோம்." இத சொன்ன அன்னைக்கு என் மகன் ரொம்ப நேரம் யோசிச்சிட்டு "அப்ப கண்ணாடி?"ன்னு கேட்டான். தாத்தாவோட மூக்குக் கண்ணாடி. அது வீட்லதான் இருக்குன்னு எடுத்துக் காட்டினதும் சமாதானமாயிட்டான்.

அப்பன் செத்து ஆறு வயசுப் பையன் கொள்ளி வைக்க வேண்டிய நிலைமை வந்தா, பெரியவங்ககிட்ட ஒரு தடவை மல்லுக்கட்டிப் பாருங்க, சித்தப்பா வைக்கட்டும், பையன் கைய மட்டும் தொட்டுக்கட்டும்னு. பல குடும்பத்துல ஒத்துக்கிடுதாவ.

6. அப்பா அம்மாவே இறந்திருந்தா

எங்க வீட்ல நடந்தது தாத்தா சாவு. அப்பா அம்மா சாவு வேற கணக்கு, பிள்ளையோட நாள் முழுக்கவே கலைஞ்சு போயிரும். அதுக்கு முதல் கேள்வி சாவப் பத்தி இருக்காது, "என்ன யாரு ஸ்கூல்ல விடுவா? யாரு கூட படுப்பேன்?"னு இருக்கும். சுயநலம் இல்ல அது, பயம். பதில் பேரோட சொல்லுங்க, அப்பா போன வீடுன்னா இப்படி: "மாமா விடுவாவ, சாயந்தரம் ஆச்சி கூப்பிட வருவாவ, நீ அம்மா கூடத்தான் படுப்ப." சொன்னத மாத்தாதீங்க. அண்ணன் தம்பிய ஆளுக்கொரு வீட்டுக்குப் பிரிச்சு அனுப்புறது இருக்கே, அத மட்டும் முடிஞ்ச வரை செய்யாதீங்க.

"இனி நீதாம்ல வீட்டுக்கு ஆம்பள, அம்மாவ நீதான் பாத்துக்கணும்." துட்டி கேக்க வர்ற பாதிப் பேரு ஏழு வயசுப் பையன்கிட்ட இத சொல்லிட்டுத்தான் போவாவ. வாசல்லயே மறிச்சு "அவன் பிள்ளை மாமா, நாங்க இருக்கோம் பாத்துக்க"ன்னு பையன் காதுல விழுற மாதிரி சொல்லிருங்க.

அடுத்து, தாலி. பதினாறுல பொம்பளைய உக்கார வச்சு பூவும் பொட்டும் வச்சு வளையல் போட்டு அப்புறம் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா எடுக்கிற அந்தச் சடங்கு. அப்பன் போன பிள்ளை அத பாக்கும்போது ஊரே சேந்து அம்மாவ தண்டிக்கிற மாதிரித்தான் இருக்கும். என்னக் கேட்டா அந்தச் சடங்கே வேண்டாம், எங்க அம்மாக்கு நாங்க செய்ய விடல, ரெண்டு அத்தை கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாவ, இப்ப பேசுதாவ. உங்க வீட்ல நிறுத்த முடியலன்னா அந்த நேரம் பிள்ளைய வெளிய கூட்டிட்டுப் போயிருங்க, பிறகு அம்மா பொட்டு இல்லாம வந்து நின்னா ஏன்னு அம்மாவே சொல்லட்டும்.

பணம், பேப்பர் விஷயம் ஒண்ணு சேத்துச் சொல்லிருதேன். மத்திய அரசோட மிஷன் வாத்சல்யாங்கிற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்துல இந்த மாதிரி நிலைமைல உள்ள பிள்ளைகளுக்கு மாசம் 4000 ரூபா உதவித் தொகை உண்டு. அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்லாத பிள்ளைக, இல்ல ஒருத்தர் போய் மத்தவரால பாத்துக்க முடியாத நிலைல உள்ள பிள்ளைகளுக்கு 2025 செப்டம்பர்ல தமிழ்நாட்டுல அன்புக்கரங்கள் திட்டமும் ஆரம்பிச்சாங்க, 18 வயசு வரை மாசம் 2000. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுதான் பாக்கும், கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல விசாரிச்சா வழி சொல்லுவாங்க. இறப்புச் சான்றிதழ் நாலஞ்சு காப்பியா வாங்கி வச்சுக்கோங்க.

7. அடுத்து வர்ற வாரங்கள்

கூட்டம் போன பிறகுதான் ஆரம்பிக்கும். படுக்கைல ஒண்ணுக்குப் போறது நின்ன பிள்ளை திரும்பப் போகும், விரல் சூப்பும், ஊட்டி விடுன்னு கேக்கும், பாத்ரூமுக்கு நீங்க போனாக் கூட கதவத் தட்டும். திட்டாதீங்க, பெரிய பிள்ளையாச்சேன்னு கேலி பண்ணாதீங்க. பயந்த கோளாறுன்னு திருநீறு போடச் சொல்லுவாவ, பள்ளிவாசல்ல ஓதி வாங்கச் சொல்லுவாவ. செஞ்சுக்கோங்க, ஆச்சிக்கும் ஒரு நிம்மதி, நானும் செஞ்சேன். ஆனா திருநீறு போட்டாச்சு, இனி பேச வேண்டியதில்லன்னு விட்டுராதீங்க.

ஒரே கேள்விய பத்துத் தடவை கேக்கும். தாத்தா எப்ப வருவாவ? பத்து தடவையும் அதே பதில், அதே வார்த்தை. பதில் மாறினாத்தான் பிள்ளைக்குச் சந்தேகம் வரும்.

விளையாட்டப் பத்தி சொல்லணும். ஒரு நாள் பின்கட்டுல சத்தம் கேக்கேன்னு போய்ப் பாத்தா அக்கா மக ஒரு பொம்மைய அட்டைப் பெட்டிக்குள்ள படுக்க வச்சிருக்கா, என் மகன் எவர்சில்வர் போணிய கவுத்து வச்சு ஸ்கேலால கொட்டடிக்கான், பக்கத்து வீட்டுப் பிள்ளைக ரெண்டும் மாரடிச்சு ஒப்பாரி. செவ்வந்திப்பூ கூட பிச்சுப் போட்டிருக்குதுக. எங்கம்மா "எழவெடுத்த பிள்ளைகளா, வெளக்கு வைக்கிற நேரத்துல"ன்னு வெளக்கமாத்த எடுத்துட்டாவ. நான் தடுத்துட்டேன். டாக்டரம்மா முன்னாடியே சொல்லியிருந்தாங்க, சின்னப் பிள்ளைக வாயால சொல்ல முடியாதத விளையாண்டு பாத்துத்தான் தீத்துக்கும்னு. ரெண்டு வாரம் அந்த விளையாட்டு ஓடுச்சு, ஒவ்வொரு நாளும் பொம்மை செத்துச்சு, அப்புறம் ஒரு நாள் அதே அட்டைப்பெட்டி பஸ் ஆயிருச்சு, ஜங்ஷன் டவுன் ஜங்ஷன் டவுன்னு.

அப்புறம் அந்தக் கேள்வி. "நீ எப்பம்மா சாவ?" ராத்திரி லைட் அணைச்சப்புறம்தான் கேக்கும். சாகவே மாட்டேன்னு சொல்லாதீங்க, அது பொய்னு அதுக்கே தெரியும். நான் சொன்னது: "எல்லாரும் ஒரு நாள் சாவோம். அம்மா நல்லா இருக்கேன், நீ பெரிய ஆளாகி உனக்கு மீசை வந்து கல்யாணமாகி பிள்ளை பெறுற வரை கூட இருப்பேன்னு நினைக்கேன். எனக்கு ஏதாச்சும் ஆனா அப்பா இருக்காவ, பெரியம்மா இருக்கா, ஆச்சி இருக்காவ, உன்ன தனியா விட மாட்டாவ." அவனுக்கு அந்த லிஸ்ட்தான் வேணும். கொஞ்ச நாள் தினமும் லிஸ்ட்ட சொல்லச் சொல்லிக் கேட்டுட்டுத் தூங்குனான்.

8. "என்னாலதான் செத்தாவளா?"

இத எந்தப் பிள்ளையும் நேரா கேக்காது. ஆனா சின்ன வயசுல மனசுல நினைச்சாலே நடந்துரும்னு ஒரு நம்பிக்கை இருக்கும்.

நம்ம ஊர் வாய் எப்படின்னு உங்களுக்கே தெரியும். சவத்து மூதி, செத்துத் தொலை, எழவு, இது இல்லாம ஒரு நாள் போகாது, பாசமா பேசுனாலே சவமேன்னுதான் வரும். அக்கா மகளுக்கு பள்ளிக்கூடம் போற நேரமெல்லாம் வயித்துவலி. ஸ்கேன் கூட எடுத்துப் பாத்தோம், ஒண்ணும் இல்ல. ஒரு மாசம் கழிச்சு தலைக்கு எண்ணெய் தேச்சு விடும்போது எங்க அக்கா முதுகுக்குப் பின்னால இருந்து சும்மா கேட்டிருக்கா, "ஏட்டி, தாத்தாவ நினைச்சா என்ன தோணுது"ன்னு. அதுக்கு அவ, "அதுக்கு முந்துன நாள் தாத்தா என் கையில இருந்து ரிமோட்ட பிடுங்குனாவ. சவம் செத்துத் தொலைன்னு மனசுக்குள்ள சொன்னேன்"ன்னிருக்கா. ஒரு மாசமா ஒம்பது வயசுப் பிள்ளை கொலை பண்ணிட்டோம்னு நினைச்சுக்கிட்டு இட்லி தின்னுருக்கு.

அதனால நீங்களே முந்திக்கோங்க, கேக்காட்டாலும் சொல்லுங்க: "நீ சொன்னதாலயோ நினைச்சதாலயோ சண்டை போட்டதாலயோ யாரும் சாக முடியாது. தாத்தாக்கு நெஞ்சுல ரத்தக்குழாய் அடைச்சிருச்சு, அதனால." எண்ணெய் தேய்க்கும்போது, பைக்ல பின்னால உக்காந்து வரும்போது, பயறு உடைக்கும்போது, இப்படி மூஞ்சிய பாக்காத நேரத்துல பேச்சுக் கொடுத்தா பிள்ளைக தானா சொல்லும். எதுக்க உக்கார வச்சு "என்ன மனசுல இருக்கு சொல்லு"ன்னா ஒண்ணும் வராது.

9. ஸ்கூல்

பதினாறு நாளும் வீட்ல வச்சுக்க வேண்டாம். நாலஞ்சு நாள்ல அனுப்பிரலாம். கிளாஸ் டீச்சர்கிட்ட முன்னாடியே நேர்ல சொல்லிருங்க, எல்லார் முன்னாடியும் எந்திரிக்கச் சொல்லி விசாரிக்க வேண்டாம்னும் சொல்லுங்க. 'என் குடும்பம்'னு படம் வரையச் சொல்லுவாங்க, செத்தவங்களையும் வரைஞ்சா அடிச்சு விட வேண்டாம். பிள்ளைகிட்டயும் ஒரு பதில் சொல்லிக் கொடுத்து அனுப்புங்க, யாராச்சும் கேட்டா "எங்க தாத்தா செத்துட்டாவ, நான் இப்ப அதப் பத்தி பேசல"ன்னு.

10. விபத்து, ஆறு, தானே போனது

நாலுவழிச்சாலைல அடிபட்டது, ஆத்துல போனது, இதையெல்லாம் உண்மையா, சுருக்கமா சொல்லுங்க. ரத்தம், நசுங்குனதுன்னு விவரம் வேண்டாம், வாட்ஸாப்ல வர்ற போட்டோ பிள்ளை கையில போன் இருக்கும்போது வந்துராம பாத்துக்கோங்க. முகம் பாக்க முடியாத நிலைன்னா கையையோ காலையோ மட்டும் காட்டலாம், இல்ல போட்டோவ வச்சு கும்பிட வைக்கலாம்.

தற்கொலைய மறைக்கத்தான் எல்லாருக்கும் தோணும். ஆனா நம்ம தெருவுல மறையாது, பத்து வயசுல இன்னொருத்தன் வாயால கேட்டா அப்ப உங்க மேலயும் நம்பிக்கை போயிரும். எப்படிப் பண்ணாவன்னு சொல்ல வேண்டாம். "மாமாக்கு மனசுல ஒரு நோய் இருந்துச்சு. அது ரொம்ப முத்தி, சரியா யோசிக்க முடியாம அவியளே அவிய உயிர எடுத்துக்கிட்டாவ. யாராலயும் இல்ல, உன்னால கண்டிப்பா இல்ல. மனசு கஷ்டமா இருந்தா நம்ம வீட்ல சொல்லலாம், டாக்டர் இருக்காங்க." கோழைன்னும் வீரன்னும் பிள்ளை காதுபடப் பேசாதீங்க.

11. எப்ப டாக்டர்கிட்ட போகணும்

"நானும் தாத்தாகிட்ட போறேன்"னு பிள்ளை சொன்னா பதறாம என்ன அர்த்தத்துல சொல்லுதுன்னு கேளுங்க, சின்னதுக பாக்கணும்போல இருக்குன்னுதான் பெரும்பாலும் சொல்லும். ஆனா திரும்பத் திரும்ப சொன்னாலோ, தன்னத்தானே காயப்படுத்திக்கிட்டாலோ அன்னைக்கே போங்க. சாப்பாடு, தூக்கம், விளையாட்டு மூணும் வாரக்கணக்கா திரும்பலன்னா, யார்கூடவும் சேராம ஒதுங்கியே இருந்தா, ஸ்கூல் போகவே முடியலன்னா, அதுக்கும் காட்டணும். ஆறு மாசம் கழிஞ்சும் முதல் வாரம் மாதிரியே இருந்தா காத்திருக்கவே கூடாது.

14416க்கு போன் போடலாம், டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். வீட்ல பிள்ளைய பாத்துக்க ஆளில்ல, இல்ல யாரும் கொடுமைப்படுத்துதாங்கன்னா 1098, அது பிள்ளைகளுக்கான உதவி எண். நேர்ல காட்ட ஹைகிரவுண்டு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு. பைத்தியத்துக்குக் காட்டுற எடம்னு ஊர்ல சொல்லுவாவ, சொல்லிட்டுப் போறாவ.

உங்களுக்கும் சேத்துத்தான் அந்த நம்பர். புருசனையோ அம்மாவையோ இழந்துட்டு பிள்ளைக்காக மட்டும் கல்லு மாதிரி இருக்கிறவங்க நிறைய.

12. முதல் வருஷம்

துட்டி நடந்த வீட்ல வருஷம் திரும்புற வரை பண்டிகை கிடையாது. பெரியவங்களுக்கு அது மரியாதை, பிள்ளைக்குத் தெருவே வெடி போடும்போது நமக்கு மட்டும் இல்ல. ஏன்னு ஒரு வாரம் முன்னாடியே சொல்லிருங்க, அன்னைக்குக் காலைல சொல்லாதீங்க. நாங்க தீபாவளிக்கு பிள்ளைகள மட்டும் சித்தி வீட்டுக்கு அனுப்பி மத்தாப்பு கொளுத்த விட்டோம். தை மாசம் அக்கா மகளுக்குச் சிறுவீட்டுப் பொங்கல் வைக்கணும்னு ஆசை, அந்த மண் வீட்ட வருஷா வருஷம் கட்டிக் கொடுத்தது தாத்தாதான். எங்கம்மா வேண்டாம்னு சொல்லுவாவன்னு நினைச்சோம், அவியளே மண்ணு குழைக்க உக்காந்துட்டாவ. செவரு கோணலாத்தான் வந்துச்சு. "தாத்தா கட்டுனா நேரா இருக்கும்"னு அவ சொன்னா, "ஆமாட்டி, அந்த மனுசன் நூல் புடிச்சுல்லா கட்டுவாவ"ன்னு எங்கம்மா. அன்னைக்குத்தான் வீட்ல எல்லாரும் அப்பாவப் பத்தி அழாம பேசுனோம்.

பேரச் சொல்லாம இருக்காதீங்க. படத்துக்கு மாலை போட்டு உயரத்துல மாட்டிட்டா பிள்ளைக்கு எட்டாது. ஒரு பழைய ஸ்வீட் டப்பாவ பிள்ளைக்குன்னு கொடுத்திருங்க, அதுக்குள்ள என்ன வைக்கணும்னு அதுவே முடிவு பண்ணட்டும். என் மகன் டப்பால தாத்தா கண்ணாடி, ஒரு பஸ் டிக்கெட், சட்டைப் பித்தான் ஒண்ணு, காந்திமதி போட்டோ. சில நாள் எடுத்துப் பாப்பான், மாசக்கணக்கா மறந்தும் போயிருவான். மறந்தா ஞாபகப்படுத்தணும்னு இல்ல.

ஆடி அமாவாசைக்கு பாபநாசமோ குறுக்குத்துறையோ போறீங்கன்னா கூட்டிட்டுப் போங்க, கூட்டத்துல கையப் புடிச்சுக்கோங்க, ஆத்துல தண்ணி வரத்து பாத்து இறக்குங்க. பிள்ளையும் எள்ளு தண்ணி விடணும்னா விடட்டும்.

இன்னொண்ணு, இத மட்டும் இன்னைக்கே செய்ங்க. போன்ல இறந்தவங்க வாய்ஸ் நோட், வீடியோ இருந்தா தனியா ரெண்டு எடத்துல எடுத்து வச்சுருங்க. போன் மாத்தும்போது போயிரும், எங்களுக்கு முக்கால்வாசி அப்படித்தான் போச்சு. மிச்சம் இருக்கிறது பதினோரு செகண்டு. "ஏல, கேட்ட பூட்டிட்டியா? நாய் வந்துரும்"னு மட்டும் தாத்தா கேப்பாவ. என் மகன் இப்பவும் அதப் போட்டுக் கேட்டுட்டு, போய் கேட்டப் பாத்துட்டு வந்துதான் படுக்கான்.